உன் முகத்தோடு வந்தவள்

மார்ச் 4

அக்காவுக்கு,

‘அன்புள்ள’ என்று போடவில்லை, கவனித்திருப்பாய். கோபம் இன்னும் தீரவில்லை. “ஒரு குழாய் ரத்தம் குடுக்கக்கூட உனக்கு மனசு வரலையா? இரட்டையா பொறந்ததுல உனக்கு என்ன நஷ்டம்?” என்று நீ கேட்டதும், “நான் என்ன உங்க ஆய்வுக்கூடத்து எலியா?” என்று நான் கத்தியதும் காதிலேயே நிற்கின்றன. போனில் பேசினால் விட்ட இடத்திலிருந்து சண்டை தொடரும். அதனால்தான் எழுதுகிறேன்.

பெரிதாக ஒன்றும் இல்லை. தலைவலி. முதலில் சளிக்காய்ச்சல் மாதிரி வந்தது. காய்ச்சல் போய்விட்டது, தலைவலி மட்டும் வாடகைக்கு இருப்பவர் மாதிரி காலி செய்ய மறுக்கிறது. வேலையில் கவனம் இல்லை. வங்கி மேனேஜர் அம்மாவின் கோட்டுக்கு இரண்டு கையையும் இடக் கையாகவே வெட்டிவிட்டேன். கத்தரி பிடித்த நாளிலிருந்து இப்படி நடந்ததில்லை. அந்த அம்மா நல்லவர், சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எழுத உட்கார்ந்த காரணம் வேறு. திங்கட்கிழமை கடையைத் திறந்தால் ஹாங்கரில் ஒரு சாம்பல் நிறக் கோட்டு தொங்குகிறது. உள்துணி, பொத்தான் துளை எல்லாம் முடித்து, இஸ்திரி போட்டு. தையல் என்னுடையது. நூலை முடிக்கும்போது நான் போடும் இரட்டை முடிச்சுகூட இருக்கிறது. ஆனால் அக்கா, நான் அதைத் தைக்கவில்லை.

வீட்டில் அவரிடம் கேட்டேன். பஸ் ஓட்டிக் களைத்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “நேத்து லீவு நாள்னுகூடப் பாக்காம பூரா உக்காந்து தச்சியே, மறந்துட்டியா?” என்றார்.

“நீங்க பாத்தீங்களா?”

“பாத்தேனே. ரெண்டு தடவை கூப்பிட்டேன். நீ நிமிரவே இல்ல.”

அவர் கூப்பிட்டபோது அங்கே உட்கார்ந்திருந்தது யார்?

பெண்களுக்கு நரம்பில் வரும் நோய்களைத்தானே நீ ஆராய்கிறாய். யாரிடமாவது கேட்டுச் சொல். ரத்தம் மட்டும் கேட்காதே.

வாலு


மார்ச் 9

அன்புள்ள வாலுவுக்கு,

நான் ‘அன்புள்ள’ போட்டிருக்கிறேன். கால் மணி நேரம் முன்னால் பிறந்தவளுக்கு அந்தப் பெருந்தன்மையாவது இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை மதியம் படித்தேன். அதற்குப் பிறகு வேலையில் மனம் ஒட்டவில்லை. தலைவலி யாருக்கும் வரும். கை தப்பாக வெட்டுவதும் நடக்கும். ஆனால் ஒரு முழு நாள் காணாமல் போவது களைப்பினால் வருவதல்ல. உடனே நரம்பு டாக்டரைப் பார். காய்ச்சலில் தொடங்கியது என்பதை அவரிடம் மறக்காமல் சொல்.

நான் ஆய்வுக்கூடத்தில் என்ன செய்கிறேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. நானும் உனக்குப் புரிகிற மாதிரி சொன்னதில்லை. உன் தொழிலை வைத்தே சொல்கிறேன். மரபணு என்பது நீ அளவு வெட்டி வைத்திருக்கும் காகிதம் மாதிரி. உனக்கும் எனக்கும் ஒரே காகிதம்தான். ஆனால் அதன்மேல் சாக்பீஸால் குறி போடுகிறாய் அல்லவா, இங்கே மடி, இங்கே வெட்டாதே என்று? உடம்பும் அப்படிக் குறி போடும். வந்த காய்ச்சல், பட்ட கவலை, தூங்காத இரவு எல்லாம் அந்தக் குறிகளை அழிக்கும், புதிதாகப் போடும். அதனால் ஒரே காகிதத்திலிருந்து இரண்டு வேறு சட்டைகள். நாங்கள் படிப்பது காகிதத்தை அல்ல, குறிகளை.

பெண்களுக்கு இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு செல்லிலும் எக்ஸ் குரோமோசோம் இரண்டு இருக்கும். ஒன்றை உடம்பு மடித்து ஊசி குத்தி மூடி வைத்துவிடும். நோயை எதிர்க்கும் மரபணுக்கள் பல அதில்தான் இருக்கின்றன. மடிப்பு ஓரத்தில் கொஞ்சம் பிரிந்தாலும் உடம்பின் காவல்காரர்கள் அளவுக்கு மீறி உஷாராகி, சொந்த வீட்டு ஆட்களையே பிடிக்கத் தொடங்கலாம். இப்படிப்பட்ட நோய்களில் பல பெண்களுக்கே அதிகம் வருவதற்கு இது ஒரு காரணம் என்று சந்தேகப்படுகிறோம். நிரூபித்து முடிக்கவில்லை.

பயமுறுத்த எழுதவில்லை. டாக்டரைப் பார்க்க வைக்கத்தான் எழுதுகிறேன். மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ.

அக்கா


மார்ச் 15

அக்காவுக்கு,

டாக்டரைப் பார்த்தேன். நரம்பு டாக்டர் இல்லை, நம் தெருமுனை டாக்டர். நாக்கை நீட்டச் சொன்னார், முழங்காலில் தட்டினார். “வீட்ல ஏதாவது சண்டையா? குழந்தை இல்லைன்னு ஏக்கமா?” என்று கேட்டார். நான் சொன்ன காய்ச்சலை அவர் காதில் வாங்கவில்லை. “இந்த வயசுல பொம்பளைங்களுக்கு வர்றதுதாம்மா. மனசை அலையவிடாதீங்க” என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மாத்திரை போட்டும் தூக்கம் இல்லை. தூக்கம் இல்லாததால் நிறையக் கேட்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடுகிறது. அந்தப் பக்கம் வீடே கிடையாது, தெரியுமா? வெறும் தெரு.

அவர் நடை மாறிவிட்டது. இடது காலை முதலில் வைக்கிறார். செருப்புச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். சாப்பாட்டில் ஏதோ மருந்து வாசனை. நான் சாப்பிடுவதில்லை. அவர் கெஞ்சுகிறார். உண்மையான அவர் கெஞ்சமாட்டார், தட்டை வைத்துவிட்டுப் போவார்.

பேச நினைப்பது ஒன்று, வாயில் வருவது ஒன்று. நேற்று ‘நூல்’ என்று சொல்ல ரொம்ப நேரம் ஆனது. வாய் தானாக எதையோ மென்றுகொண்டிருக்கிறது. எழுதும்போது மட்டும் சரியாக வருகிறது. எழுதும்போது மட்டும் சரியாக வருகிறது. அதனால் நீ எழுது. வராதே. எழுது.

வாலு


மார்ச் 23

அக்கா,

இதைப் படித்ததும் கிழித்துவிடு.

நேற்று மாலை ஒருத்தி வந்தாள். உன் முகத்தோடு வந்தாள். உன் பையை வைத்திருந்தாள், உன் குரலில் “வாலு” என்றாள். அவர்தான் அழைத்து வந்தார். இரண்டு பேரும் கூட்டு.

நான் ஏமாறவில்லை. உன் சட்டைகளை இத்தனை வருஷமாக என் உடம்பிலேயே அளவு பார்த்து வெட்டுகிறவள் நான். டேப்பை எடுத்தேன். தோள், கழுத்து, கை நீளம், மணிக்கட்டு. எல்லாம் சரி! ஒரு நூல் அளவுகூடப் பிசகு இல்லை. எவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்கிறார்கள், பார். ஆனால் ஒன்றில் மாட்டிக்கொண்டாள். நான் அளந்து முடிக்கும்வரை வாய் திறக்காமல் நின்றாள். நீயாக இருந்தால் “இப்பத்தான்டி பஸ்ஸை விட்டு எறங்கினேன், டேப்பை எடுத்துட்டு வந்துட்டா” என்று கத்தியிருப்பாய். இவள் கண்ணில் தண்ணீர் வேறு விட்டாள். நீ எங்கே அழுதாய்?

பார்த்ததும் உள்ளே ஒன்றும் அசையவில்லை, அக்கா. அதுதான் பெரிய அடையாளம். உன்னைப் பார்த்தால் கோபமாவது வரும். இவளைப் பார்த்தால் துணிக்கடைப் பொம்மையைப் பார்த்த மாதிரி இருந்தது.

கண்ணாடியிலும் அவளையே மாட்டிவிட்டார்கள். கடையில் இருக்கும் ஆளுயரக் கண்ணாடி முன்னால் போனால் அவள்தான் நிற்கிறாள். நான் கையைத் தூக்கினால், கொஞ்சம் யோசித்துவிட்டு அவளும் தூக்குகிறாள். துணி போட்டு மூடிவிட்டேன். துணிக்குப் பின்னால் இன்னும் நிற்கிறாளா என்று தெரியவில்லை.

உன் கையெழுத்தை மட்டும் அவர்களால் செய்ய முடியாது. அந்த ‘ழ’வை நீ போடுகிற அலங்கோலம் யாருக்கு வரும்? எனக்கு எழுது. என்ன செய்யட்டும்?

வா


மார்ச் 24

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை, பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அங்கே வந்திருப்பவளைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லப்போவதில்லை. உன்னிடம் பொய் சொல்ல எனக்கு வராது. ஒன்று மட்டும் கேள். அவளுக்கு உன்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டும் என்று இருக்கிறது. போ. அவளுக்காகப் போக வேண்டாம், நான் சொல்வதற்காகப் போ. அங்கே ஒல்லியாக ஒரு நரம்பு டாக்டரம்மா இருப்பார். அவரிடம் தலைவலி, காணாமல் போன நாள், சுவருக்குப் பின்னால் ஓடும் மெஷின், உன் முகத்தோடு வந்தவள், எல்லாவற்றையும் சொல். அவர் சிரிக்கமாட்டார்.

சாப்பாட்டில் மருந்து இருக்குமோ என்று பயமாக இருந்தால் பழமாக வாங்கி, நீயே உரித்துச் சாப்பிடு. பட்டினி கிடக்காதே.

இந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே போ.

அக்கா


ஏப்ரல் 6

வாலு,

இதை இப்போது உன்னிடம் தரமாட்டேன். நீ எழுந்து உட்கார்ந்து, என்னை “போடீ” என்று சொல்லும் நாளில் தருவேன். ஆஸ்பத்திரி வராந்தாவில், மருந்து வண்டி போகும் வழியில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் வீட்டுக்கு வந்தது நான்தான். நீ வராதே என்று எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் கிளம்பினேன். நீ அளவெடுத்தபோது சும்மா நின்றது பயத்தினால். உன் விரல் நடுங்கவே இல்லை. வியாபாரத்துக்கு வந்த யாரையோ அளப்பது போல அளந்தாய். முடித்ததும் மாப்பிள்ளையிடம், “நல்லா செஞ்சிருக்காங்க. கொண்டுபோய் விட்டுட்டு வாங்க” என்றாய்.

நீ எனக்கு எழுதிய கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லி மாப்பிள்ளையிடம் கொடுத்தாய். அவர் அடுத்த அறையில் இருந்த என்னிடம் கொடுத்தார். உன் துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்து பதில் எழுதினேன். பழைய உறை ஒன்றில் போட்டு அவர் வாசலிலிருந்து எடுத்து வருவது மாதிரி எடுத்து வந்தார். நீ கடிதத்தை முகத்தில் வைத்து முகர்ந்து பார்த்ததைக் கதவிடுக்கில் பார்த்தேன். நான் இரண்டு அடி தள்ளி நிற்கிறேன், நீ காகிதத்தைக் கட்டிக்கொள்கிறாய்.

டாக்சியில் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இறங்கும்போது மட்டும், “அக்கா சொன்னதுக்காகத்தான் வர்றேன். உனக்காக இல்ல, ஞாபகம் வச்சுக்க” என்றாய்.

நல்ல வேளையாக வந்தோம். டாக்டரம்மா உன்னைக் கூப்பிடுவதற்கு முன்பே வலிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு நீ பேசவில்லை. கண் மட்டும் முதல் சில நாள் திறந்திருந்தது. கையைத் தூக்கி விட்டால் தூக்கியபடியே நின்றது. முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டரம்மா முடிவைப் படித்துவிட்டு, “இதை மனசுல தேடிப் பிரயோஜனம் இல்ல. வயித்துல தேடணும்” என்றார். ஸ்கேனில் தெரிந்தது. வலப்பக்கச் சினைப்பையில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி.

அது என்ன தெரியுமா? சினைப்பையில் முட்டைகள் அம்மாவின் குறிகளோடு காத்திருக்கும். அப்பாவின் குறிகள் வந்து சேர்ந்தால்தான் பிள்ளை. இந்த ஒரு முட்டை யாருக்கும் காத்திராமல் தானாகவே வளரத் தொடங்கிவிட்டது. கையில் பாதிக் குறிகள்தான். எதை எங்கே தைப்பது என்று தெரியாமல் கொஞ்சம் முடியைத் தைத்தது, ஒரு பல்லைத் தைத்தது, கொஞ்சம் மூளையையும் தைத்தது.

ஆமாம், மூளை. அறுவை முடிந்த பிறகு இங்குள்ள ஆய்வகத்தில் கெஞ்சிக் கேட்டு நுண்ணோக்கியில் பார்த்தேன். நரம்புச் செல்கள், கிளை கிளையாக. இத்தனை காலம் எத்தனையோ கண்ணாடித் துண்டுகளைப் பார்த்திருக்கிறேன். முதல் முறையாகக் கண்ணை எடுத்துக்கொண்டேன். அது என்னைத் திருப்பிப் பார்ப்பது மாதிரி இருந்தது. வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள் இப்படிப் பேசினால் சிரிப்பார்கள்.

மூளை இருக்கக் கூடாத இடத்தில் மூளையைப் பார்த்த உன் காவல்காரர்கள், “யாரு நீ?” என்று ஆயுதம் செய்தார்கள். ஆயுதம் ரத்தத்தோடு மேலே ஏறியது. தலைக்குள் இருந்த நிஜ மூளையையும் ஆள் மாறி வந்தவன் என்று பிடித்துக்கொண்டது. நீ என்னைப் பிடித்த மாதிரி.

என் வயிற்றையும் ஸ்கேன் செய்தார்கள். ஒன்றும் இல்லை. ரத்தத்திலும் அந்த ஆயுதம் இல்லை. படுக்கையிலிருந்து எழுந்து உடையைச் சரிசெய்யும்போது முதலில் வந்தது நிம்மதி. பிறகுதான் வெட்கம் வந்தது. ஒரே காகிதம், வாலு. உன் சட்டையில் மட்டும் எந்தக் குறி அழிந்தது? என் படிப்பு முழுவதும் இந்தக் கேள்விதான். பதில் என்னிடம் இல்லை.

அந்த ஆயுதங்கள் மிதக்கும் மஞ்சள் நீரை உன் ரத்தத்திலிருந்து எடுத்துவிட்டு வேறு ஏற்றுகிறார்கள். கண்ணைத் திற. பார்.

அக்கா


மே 10

அக்கா

எழுத்து கோணலாக வரும். பென்சில்தான் தந்தார்கள்.

நான் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். வயிற்றில் தையல். யார் தைத்தார்களோ, மோசமான தையல். அவர் வருகிறார். அவர் இப்போது அவர்தான், நடை சரியாகிவிட்டது.

அவள் மட்டும் போகவில்லை. தினமும் வருகிறாள். தலை வாரிவிடுகிறாள். கஞ்சி ஊட்டுகிறாள். என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொள்கிறாள். கை உன்னுடையது. அதுதான் பயமாக இருக்கிறது. உன் கையை அவள் எப்படி எடுத்தாள்? உன்னை என்ன செய்தாள்?

நீ உயிரோடு இருக்கிறாயா?

இன்னொன்று. உன் பழைய கடிதத்தைப் படித்துக்கொண்டே இருந்தேன். நான் அவளைப் பற்றிக் கேட்டதற்கு நீ ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? நேற்று அவள் நர்ஸின் காகிதத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். ‘ழ’ உன்னுடைய ‘ழ’.

எழுதுவதும் அவள்தானா? அப்படியென்றால் ஆரம்பத்திலிருந்தே நீ இல்லையா? யாரிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்?

தினமும் மதியம் அவள் போன பிறகு உனக்காக அழுகிறேன்.

வாலு


மே 11

அன்புள்ள வாலுவுக்கு,

டாக்டரம்மாவிடம் கேட்டேன். “இப்பவே உண்மையச் சொல்லணுமா? இன்னும் ரெண்டு வாரம் தள்ளிப்போடலாமே” என்றார். மாப்பிள்ளையும் வேண்டாம் என்றார். அவர்கள் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் நான் மதியம் எங்கும் போவதில்லை. கதவுக்கு வெளியில்தான் நிற்கிறேன். நான் செத்துப்போனதாக நினைத்து நீ அழுவது எனக்குக் கேட்கிறது. அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் நிற்க முடியவில்லை.

எழுதுவது அவள்தான். அவள்தான் நான்.

இதைச் சொன்னதும் கடிதங்களும் உன் கையைவிட்டுப் போய்விடும் என்று தெரியும். இத்தனை நாள் உனக்கு நம்பிக்கையாக இருந்தது அது ஒன்றுதான். அதையும் பிடுங்குகிறேன். நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. சின்ன வயதுக் கதை எதைச் சொன்னாலும், “நல்லாப் படிச்சுட்டு வந்திருக்கா” என்பாய். உடம்பில் மச்சம் காட்டினால் அளவு சரியாக இருந்ததே, அதுபோலத்தான் என்பாய்.

அதனால் நிரூபிக்கப் போவதில்லை. நம்பு என்று கெஞ்சவும் போவதில்லை. நம்பாமலே இரு. ஆனால் கஞ்சியைக் குடி. நாளைக்கும் வருவேன், தலை வாருவேன். என்னைத் துணிக்கடைப் பொம்மை என்றே வைத்துக்கொள். பொம்மைக்கும் கை இருக்கிறதே, பிடித்துக்கொள்.

உன் அக்கா உயிரோடு இருக்கிறாள். அவளுக்காக அழாதே.

அக்கா


ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு நாளாக வீட்டில் நீ இல்லை. பெரிய நிசப்தம். அவர் பாத்திரம் கழுவுகிறேன் என்று இரண்டு தட்டை உடைத்ததைத் தவிர வேறு செய்தி இல்லை.

நீ விட்டுப்போன உறையில் எல்லாக் கடிதங்களையும் வரிசையாகப் படித்தேன், என்னிடம் தராமல் வைத்திருந்ததையும் சேர்த்து. ஏதோ ஒரு பைத்தியக்காரியும் பொறுமைசாலியும் எழுதிக்கொண்டது மாதிரி இருக்கிறது. மார்ச்சிலிருந்து மே வரை எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. உன்னை அளந்தது ஞாபகம் இல்லை. “அவள்தான் நான்” என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு அதைக் கிழித்துப்போட்டு, தண்ணீர் டம்ளரை உன்மேல் எறிந்தேனாம். அவர் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டி வைத்திருக்கிறார். புருவத்துக்கு மேல் உனக்கு இருக்கும் தழும்பு அதுதானா? கேட்டபோது கதவில் இடித்துக்கொண்டேன் என்றாயே. பொய் சொல்ல வராது என்று எழுதியவள் நீ.

ஊசியில் நூல் கோக்கிறேன். நேற்று ஒரு பாவாடை ஓரம் மடித்தேன், நேராகவே வந்தது. டாக்டரம்மா போன வாரம் தலையிலிருந்து கால் வரை சோதித்தார். “தொண்ணூறு சதவீதம் வந்துட்டீங்க. மிச்சமும் வந்துடும்” என்றார். கட்டி திரும்ப வருகிறதா என்று சில வருஷம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம்.

அந்த மிச்சத்தைப் பற்றி அவரிடம் நான் முழுதாகச் சொல்லவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை.

நீ என் அக்கா என்று எனக்குத் தெரியும். இரண்டும் இரண்டும் நாலு என்று தெரிகிற மாதிரி தெரியும். யாராவது கேட்டால் சத்தியம் செய்வேன். ஆனால் உன்னைப் பார்த்தால் உள்ளே அசைய வேண்டியது இன்னும் அசையவில்லை. அவர் வந்தால் அசைகிறது. வங்கி மேனேஜர் அம்மா பழம் வாங்கி வந்தபோதுகூட அசைந்தது. உனக்கு மட்டும் இல்லை. நீ சிரித்தால் நானும் சிரித்தேன், நீ கட்டிக்கொண்டால் நானும் கட்டிக்கொண்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் செய்தேன். நீ கவனித்தாயா என்று தெரியவில்லை. கவனித்திருப்பாய்.

நீ கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம் நாற்காலியிலேயே தூங்கிவிட்டாய். வாய் லேசாகத் திறந்திருந்தது. எதிரில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தேன். யார் இந்தப் பொம்பளை என்று யோசித்தேன். பயம் இல்லாமல், நிதானமாகத்தான் யோசித்தேன். வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். தண்ணீர் டம்ளரால் அடி வாங்கியிருக்கிறாள். பேர் சொல்லிக் கூப்பிடாத ஒருத்திக்குத் தினமும் தலை வாரியிருக்கிறாள். எனக்கு எந்த உறவும் இல்லாதவள் ஒருத்தி இவ்வளவும் செய்திருக்கிறாளே என்று நினைத்தேன். எழுந்து போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டேன்.

அப்போது அசைந்தது, அக்கா. ஆனால் அது உனக்காக அசையவில்லை. அவளுக்காக அசைந்தது.

இப்போது எனக்கு இரண்டு பேர் இருக்கிறீர்கள். ஒருத்தியோடு கூடப் பிறந்தேன், சண்டை போட்டேன், அவள் எங்கே போனாள் என்று தெரியவில்லை. இன்னொருத்தி மார்ச் மாதம் அவள் முகத்தோடு வந்தாள்.

டாக்டரம்மா சொல்வது மாதிரி மிச்சமும் ஒருநாள் சரியாகிவிடலாம். நான் கண் விழிக்கும்போது எதிரில் பழைய அக்கா உட்கார்ந்திருக்கலாம். எல்லோரும் அதற்குத்தான் காத்திருக்கிறார்கள். நானும் காத்திருக்கிறேன் என்றுதான் சொல்லிக்கொள்கிறேன்.

சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறாய். வா. உனக்கு ஒரு சட்டைக்குத் துணி எடுத்து வைத்திருக்கிறேன், இந்த முறை உன் உடம்பில்தான் அளவு பார்க்கப் போகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், யாரிடமும் சொல்லாதே. அவள் திரும்பி வந்துவிட்டால், நீ போய்விடாதே.

வாலு